வாக்களித்தவர்களே வழக்கையும் தீர்ப்பதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க அதிபர் தேர்தல் முடிவை அந்நாட்டு நாடாளுமன்றம் எண்ணி உறுதிசெய்வது பற்றிய சென்ற வாரக் கட்டுரை, நம் குடியரசுத் தலைவர் தேர்தல் தகராறுகளையும் நாடாளுமன்றமே தீர்க்கலாமே என்று கேட்டிருந்தது. அப்படி ஒரு ஏற்பாட்டை நாம் ஒருமுறை செய்து, பிறகு கைவிட்டவர்கள்.

நெருக்கடி நிலையின்போது, 1975 ஆகஸ்டில் வந்த 39-வது திருத்தம் அரசியல் சாசனத்தின் 71-வது பிரிவை மாற்றி, இந்த வழக்குகளை உச்ச நீதிமன்றத்திடமிருந்து பறித்தது. நாடாளுமன்றம் சட்டம் போட்டு அமைக்கும் அமைப்பே விசாரிக்கும், அதன் முடிவை எந்த நீதிமன்றமும் கேட்கக் கூடாது என்றானது. பிரதமர் தேர்தலுக்கும் அதே பாதுகாப்பு. பிரதமர் இந்திரா காந்தி மக்களவைக்குத் தேர்வானது செல்லாது என்ற அலகாபாத் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்து அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை! 1978-ன் 44-வது திருத்தம்தான் அந்த அதிகாரத்தை உச்ச நீதிமன்றத்துக்குத் திருப்பித் தந்தது.

அது ஏன் அங்கேயே இருக்க வேண்டும் என்பதற்கு 1969 தேர்தலைப் பாருங்கள். இரண்டாம் விருப்ப வாக்குகளையும் எண்ணித்தான் வி.வி.கிரி வென்றார். தோற்ற சஞ்சீவ ரெட்டியை இழிவுபடுத்தும் பெயரில்லாத் துண்டறிக்கை ஒன்று நாடாளுமன்ற மைய மண்டபத்திலேயே விநியோகிக்கப்பட்டது என்று வழக்கு. கிரி பதவியில் இருந்தபடியே உச்ச நீதிமன்றத்துக்கு நேரில் வந்து சாட்சி சொன்னார். நாட்டின் முதல் குடிமகன் சாட்சியாக நின்ற செய்தியைப் படித்து அன்று எங்கள் வீட்டில் எல்லோருமே வாயடைத்துப் போனோம். 1970-ல் மனுக்கள் தள்ளுபடியாயின. ஆனால் அந்தத் தாள் யார் கைக்கெல்லாம் போனதாகச் சொன்னார்களோ, அந்த உறுப்பினர்கள்தானே வாக்காளர்கள்? அவர்களிடமே தீர்ப்பையும் கேட்டிருந்தால், தோற்றவர் எந்த நம்பிக்கையில் படியேறியிருப்பார்?

நீதிமன்றத்திடமும் எனக்கு ஒரு குறை உண்டு. 2012-ல் பிரணாப் முகர்ஜியின் வெற்றியை எதிர்த்து பி.ஏ.சங்மா போட்ட மனு, முழு விசாரணைக்கே போகாமல் 3-க்கு 2 என்ற கணக்கில் தள்ளுபடியானது. முழுமையாக விசாரிக்க வேண்டும் என்றே அந்த இரண்டு நீதிபதிகளும் சொன்னார்கள். இப்படியொரு மனு போடத் தோற்ற வேட்பாளரோ, குறைந்தது 20 வாக்காளர்களோ சேர வேண்டும். அதுவும் 30 நாட்களுக்குள். இத்தனை வடிகட்டலுக்குப் பிறகு உள்ளே வரும் மனுவையாவது சாட்சி, ஆவணம் எல்லாம் பார்த்து, காலக்கெடு வைத்து முழுதாக விசாரிக்கும்படி உச்ச நீதிமன்ற விதிகளைத் திருத்த வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்