வாரத் தேர்வுத் தாளில் மதிப்பெண் இல்லாதது குறித்துப் பெற்றோருக்கு

அன்பும் மதிப்பும் மிக்க பெற்றோர்களுக்கு,

வணக்கம். இந்தப் பருவத்தின் தொடக்கத்திலிருந்து வாரத் தேர்வின் விடைத்தாள்கள் மதிப்பெண் இல்லாமல், ஆசிரியர் கைப்பட எழுதிய இரண்டு மூன்று வரிக் குறிப்புடன் மட்டும் வீட்டுக்கு வருகின்றன. “பிள்ளை எவ்வளவு வாங்கியிருக்கிறது என்றே தெரியவில்லையே” என்று உங்களில் பலர் நேரிலும் தொலைபேசியிலும் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். மாற்றத்தைக் கொண்டுவருவதற்கு முன்பே இக்கடிதத்தை நான் எழுதியிருக்க வேண்டும். தாமதத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

பருவத் தேர்வு, நடத்தி முடித்த பாடத்தில் ஒரு மாணவர் எவ்வளவு கற்றிருக்கிறார் என்று கணக்குப் பார்ப்பதற்கானது. வாரத் தேர்வின் வேலை வேறு. பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே யாருக்கு எது பிடிபடவில்லை என்று கண்டறிந்து, மறுநாள் கற்பிக்கும் முறையை ஆசிரியர் மாற்றிக்கொள்வதற்காக அது இருக்கிறது. முன்னதைத் தொகுத்தறி மதிப்பீடு என்றும் பின்னதை வளரறி மதிப்பீடு என்றும் சொல்கிறோம். மைக்கேல் ஸ்க்ரிவன் என்ற அறிஞர் 1967ஆம் ஆண்டில் இவ்வாறு இரண்டாகப் பிரித்துப் பெயரிட்டார். நம் பள்ளியிலோ பெயர்தான் இரண்டாக இருந்தது. வாரத் தேர்வும் ஒரு சிறிய பருவத் தேர்வாகவே நடந்து, மதிப்பெண் போட்டு, உங்கள் கையொப்பம் பெற்று, அப்படியே அடுத்த பாடத்துக்குப் போய்விடுவதாக இருந்தது.

இது மாற வேண்டுமானால் முதலில் வினாக்கள் மாற வேண்டும் என்பதால், கடந்த விடுமுறையில் ஆசிரியர்கள் அனைவரும் கூடி அமர்ந்து வினா எழுதிப் பழகினோம். அப்போது ஆராய்ந்த ஒரு வினாவை உங்களுக்கும் காட்ட விரும்புகிறேன். “0.35, 0.4, 0.125 ஆகியவற்றுள் பெரியது எது?” பார்ப்பதற்குக் குறையொன்றும் இல்லாத வினா, விடை 0.4. ஆனால் புள்ளிக்குப் பின் இலக்கங்கள் குறைந்தால் எண் பெரிது என்று தவறாக நினைத்திருக்கும் மாணவரும் 0.4 என்றுதான் எழுதுவார். முழு மதிப்பெண்ணும் பெறுவார். அவருடைய குழப்பம் யார் கண்ணிலும் படாமல் அடுத்த வகுப்புவரை அவருடனேயே போகும். ஆகவே எண்களை 0.45, 0.3, 0.125 என்று மாற்றினோம். இப்போது 125 என்பது 45ஐவிடப் பெரிதல்லவா என்று முழு எண்ணைப் போலப் பார்ப்பவர் 0.125 என்று எழுதுவார். அவருக்கு இடமதிப்பை மறுபடி சொல்லித்தர வேண்டும். 0.3 என்று எழுதுபவரோ, பத்தில் ஒரு பங்கு ஆயிரத்தில் ஒரு பங்கைவிடப் பெரியது என்று சரியாகப் படித்ததையே பொருந்தாத இடத்தில் பொருத்திப் பார்ப்பவராக இருக்கலாம். அவருக்கு எண்கோட்டில் குறித்துக் காட்ட வேண்டும். இரண்டு தவறுக்கும் பழைய முறையில் கிடைத்தது ஒரே சுழிதான். நெடுங்காலமாகக் கணிதம் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர், முதல் வினாவைத் தாம் எத்தனை வகுப்புகளில் கேட்டிருக்கிறோம் என்று எண்ணி வருந்தினார். அந்த வருத்தத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

வினாவைப் போலவே திருத்துவதிலும் பயிற்சி வேண்டியிருந்தது. ஸ்டார்ச், எலியட் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரே ஆங்கில விடைத்தாளை நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களிடம் கொடுத்துத் திருத்தச் சொன்னபோது, அவர்கள் இட்ட மதிப்பெண்களுக்கிடையே 100க்கு 30க்கும் அதிகமான வேறுபாடு இருந்ததை 1912ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார்கள். நெடுவினாவுக்கு விடைக்குறிப்பை முன்கூட்டியே எழுதி, இரண்டு ஆசிரியர்கள் தனித்தனியே திருத்தி, வேறுபாடு வந்த இடத்தைப் பேசித் தீர்க்கும் பழக்கத்தை அதனால்தான் இப்போது கைக்கொண்டிருக்கிறோம். வாரந்தோறும் ஒரு பாடவேளை இதற்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது.

இனி, மதிப்பெண்ணை ஏன் எடுத்தோம் என்பதைச் சொல்கிறேன். ரூத் பட்லர் 1988ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு மதிப்பெண் மட்டும், ஒரு பகுதியினருக்குக் குறிப்பு மட்டும், மற்றொரு பகுதியினருக்கு இரண்டும் சேர்த்துத் தரப்பட்டன. குறிப்பு மட்டும் பெற்றவர்கள் அடுத்த முறை முன்னேறியிருந்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. எண்ணைப் பார்த்த கண் அதன் கீழே எழுதியிருப்பதைப் படிப்பதில்லை என்பதை நம் வகுப்பறைகளிலும் பார்த்திருக்கிறோம்: தாள் கைக்கு வந்த உடனே பக்கத்தில் இருப்பவருடைய மதிப்பெண்ணை எட்டிப் பார்த்துவிட்டு, தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிடுவார்கள்.

பருவத் தேர்வுக்கு எப்போதும்போல மதிப்பெண் உண்டு. தேர்ச்சி அறிக்கையும் வரும். அதில் எந்த மாற்றமும் இல்லை.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். வாரத் தேர்வுத் தாள் வந்ததும், குறிப்பைப் பிள்ளையே வாய்விட்டுப் படிக்கட்டும். எங்கே தவறியது என்று தன் சொற்களில் உங்களிடம் சொல்லட்டும். பிறகு அதே தாளின் கீழ்ப்பகுதியில் விடையைத் திருத்தி எழுதட்டும். அருள்கூர்ந்து நீங்கள் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். அக்கறையால்தான் செய்கிறீர்கள் என்பது தெரியும்; ஆனால் உங்கள் விடையைப் பார்க்கும் ஆசிரியர், பிள்ளைக்குப் புரிந்துவிட்டது என்று எண்ணி அடுத்ததற்குப் போய்விடுவார். திருத்த முடியவில்லை என்றால் அந்த இடம் வெறுமையாகவே வரட்டும். அதுவும் ஆசிரியருக்குத் தெரிய வேண்டிய செய்திதான்.

குறிப்பில் “நன்று” என்றோ “இன்னும் முயற்சி தேவை” என்றோ மட்டும் எழுதியிருந்தால், பிள்ளை அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது அதிலிருந்து தெரியாது. அப்படி ஒரு தாள் வந்தால், அதைத் தயக்கமின்றி என்னிடம் கொடுத்தனுப்புங்கள்; உரிய ஆசிரியருடன் அமர்ந்து குறிப்பை மீண்டும் எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்