மலிவு ஏ.டி.வி. வண்டிகளும் கவனிக்கப்படாத நட்டுகளும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஏற்காடு, கொடைக்கானல், ஊட்டி பக்கத்துத் தங்கும் விடுதிகளிலும், கிழக்குக் கடற்கரைச் சாலையோர மணல் திடல்களிலும், தோப்பும் எஸ்டேட்டும் வைத்திருப்பவர்களிடமும் இப்போது 110, 125 சிசி ஏ.டி.வி. வண்டிகள் (கரடுமுரடான தடத்தில் ஓட்டும் நான்கு சக்கர வண்டிகள்) பெருகிவிட்டன. பெரும்பாலானவை சீனாவிலிருந்து பெட்டியில் வந்து இங்கே பூட்டப்படுபவை. ஒரு மழைக்காலம் ஓடிவிட்டு, தார்ப்பாய் போர்த்தி மூலையில் கிடக்கும் வண்டிகளும் அதே அளவு பெருகிவிட்டன. "சைனா சாமான், இவ்வளவுதான் உழைக்கும்" என்று எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். இந்த வண்டிகளைப் பிரித்துப் பழுது பார்ப்பவர்கள் என்ற முறையில் அந்தப் பேச்சை மறுக்க விரும்புகிறோம். என்ஜின் செத்து வரும் வண்டிகள் குறைவு. கழன்ற நட்டு, பிளந்த காற்றுக் குழாய், பஞ்சர் கடையில் அடித்த காற்று, இவற்றால் செத்து வருபவையே அதிகம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்தச் சிறு வண்டிகளைப் பொதுச் சாலையில் ஓட்டப் பதிவு கிடையாது. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதும் குற்றம். கீழே சொல்வதெல்லாம் சொந்த நிலத்துக்கும் எஸ்டேட் பாதைக்கும் அனுமதி பெற்ற தடத்துக்கும்தான்.

இந்த என்ஜின் நமக்குப் புதிதல்ல. 1958இல் ஹோண்டா சூப்பர் கப் வண்டியோடு வந்த, சிலிண்டர் முன்னோக்கிப் படுத்த அமைப்பின் வழிவந்தது. ஸ்ப்ளெண்டர் என்ஜினும் இதே குடும்பம்தான். 110 என்று விற்கப்படுவதில் பெரும்பாலும் சிலிண்டர் விட்டம் 52.4 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 49.5 மி.மீ., கணக்குப் போட்டால் 107 சிசி. ஆகவே ஸ்ப்ளெண்டரைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கத் தெரிந்த நம் ஊர் மெக்கானிக் எவரும் இதைப் பார்க்க முடியும். பாகங்கள் அப்படியே பொருந்தும் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. பழையதைக் கையில் கொண்டுபோய் அளந்து வாங்க வேண்டும்.

வண்டி வீட்டுக்கு வந்த அன்று சாவியைத் திருப்புவதற்கு முன் ஸ்பேனரை எடுக்க வேண்டும். பெட்டியிலிருந்து எடுத்துப் பூட்டியவர் ஹேண்டில்பார், சக்கரம், பம்பர் ஆகியவற்றைத்தான் முடுக்கியிருப்பார். ஏ-ஆர்ம் (முன் சக்கரத்தைத் தாங்கும் கை), ஸ்விங்ஆர்ம் (பின் ஆக்சிலைத் தாங்கும் கை), என்ஜின் தாங்கி, டை ராட் (ஸ்டியரிங்கை முன் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி), ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்), சைலன்சர் போல்ட்டுகள் தொழிற்சாலையில் பூட்டியபடியே இருக்கும். ஒவ்வொன்றாகக் கழற்றி, கிரீஸையும் தூசியையும் துடைத்து, நடுத்தர வலுவுள்ள நீல நிற லாக்டைட் (நட்டு கழலாமல் பிடிக்கும் பசை) இரண்டு சொட்டு விட்டு மறுபடி முடுக்குங்கள். முடுக்கும்போதே தலை மழுங்கும் போல்ட்டை அங்கேயே தூக்கிப் போட்டுவிட்டு, தலையில் 8.8 என்று பொறித்த ஹை டென்சில் போல்ட்டைப் போடுங்கள். பிறகு ஒவ்வொரு நட்டின் மேலும் சட்டத்தின் மேலும் சேர்த்து வெள்ளை பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிட்டால், அடுத்த முறை ஸ்பேனர் இல்லாமலே எது நகர்ந்தது என்று தெரிந்துவிடும்.

இந்த வேலையில் எதைத் தவறவிட்டாலும் பின் ஆக்சில் நட்டைத் தவறவிடக் கூடாது. பின்னால் இரண்டு சக்கரங்களையும் ஒரே இரும்புத் தண்டு இணைக்கிறது. அது பக்கவாட்டில் நகராமல் பிடித்திருப்பவை ஒன்றோடொன்று இறுக்கிய இரண்டு பெரிய, மெல்லிய நட்டுகள். கல்லும் பள்ளமுமான தடத்தில் இவை தளர்ந்தால் தண்டு சில மில்லிமீட்டர் நகரும். அந்தச் சில மில்லிமீட்டரே செயினை ஸ்ப்ராக்கெட்டின் ஓரத்துக்குத் தள்ளப் போதும். ஓடும்போது செயின் கழன்று முன் ஸ்ப்ராக்கெட்டில் சுருண்டால் என்ஜின் கேஸையே உடைத்துவிடும். சோதிப்பது சுலபம்: பின்பக்கத்தைக் கட்டையில் தூக்கி வைத்து, ஒரு சக்கரத்தைப் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டுங்கள். சிறிது ஆடினாலும் உள் நட்டை ஆட்டம் போகும்வரை முடுக்கி, அதை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு, வெளி நட்டை இன்னொரு ஸ்பேனரால் அதன் மேல் இறுக்க வேண்டும். இங்கே வலுக் கூடிய சிவப்பு லாக்டைட் போடலாம். பைப் ரிஞ்ச் போட்டால் நட்டின் முனைகள் மழுங்கி அடுத்த முறை எதுவுமே பிடிக்காது.

ஆட்டம் பக்கவாட்டில் இல்லாமல் மேலும் கீழுமாக இருந்தால் பியரிங் போய்விட்டது. பழைய பியரிங்கின் மேல் உள்ள எண்ணைப் படித்து, அதே எண்ணில் இருபுறமும் ரப்பர் மூடியுள்ள 2ஆர்எஸ் வகையை நல்ல கம்பெனியில் வாங்கிப் போடுங்கள். பியரிங் கடைகளில் கிடைக்கும்; சீனாவிலிருந்து வரவழைக்கத் தேவையில்லை. சக்கரத்தின் ஹப்பைப் பிடித்திருக்கும் கோட்டை நட்டில் (தலையில் பள்ளம் வெட்டிய நட்டு) அது கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதற்குப் பதில் ஆணியை வளைத்துப் போட்டு வரும் வண்டிகள் உண்டு. நட்டு தளர்ந்து ஹப் ஆடினால் தண்டின் ஸ்ப்ளைன் பற்கள் தேய்ந்துபோகும்; பிறகு தண்டையும் ஹப்பையும் சேர்த்தே மாற்ற வேண்டிவரும்.

அடுத்தது டயர் காற்று. அகலமான இந்தப் பலூன் டயர்களுக்கு வேண்டியது பெரும்பாலும் 3 முதல் 5 பி.எஸ்.ஐ. மட்டுமே. பஞ்சர் கடைக்காரரிடம் கொடுத்தால் பைக் டயர் என்று நினைத்து 25, 30 அடித்துவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. டயர் ஓரத்தில் சில நேரம் பெரிய எண் ஒன்று அச்சாகியிருக்கும். அது டயரை ரிம்மில் உட்கார வைக்கும்போது தாண்டக் கூடாத அளவு, ஓட்டும்போது இருக்க வேண்டிய அளவு அல்ல. காற்று ஏறிய டயர் கல்லில் பட்டு எகிறும்; அந்த அதிர்ச்சி முழுவதும் டை ராட் முனைக்கும் ஏ-ஆர்ம் வெல்டுக்கும் போகும்; சரிவில் வண்டி கவிழவும் அதுவே வழி. சாதாரண கேஜில் 5க்குக் கீழே முள் அசையவே அசையாது. 0 முதல் 10 வரை காட்டும் குறைந்த அழுத்த கேஜ் ஒன்றும், சைக்கிள் பம்ப் ஒன்றும் வண்டியோடு இருக்கட்டும். இடது, வலது டயர்களுக்குள் ஒரு பி.எஸ்.ஐ. வித்தியாசம் இருந்தாலே வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

என்ஜினைச் சீக்கிரம் தேய்ப்பது நம் செம்மண் தூசி. ஏர் ஃபில்டர் வெறும் ஸ்பாஞ்ச். அது எண்ணெயில் நனைந்திருந்தால்தான் தூசியைப் பிடிக்கும். உலர்ந்த ஸ்பாஞ்ச் வழியாக நுண்தூசி அப்படியே உள்ளே போகும். தூசித் தடத்தில் ஓட்டிய ஒவ்வொரு நாளும் அதைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் பிழிந்து, நிழலில் காயவைத்து, ஃபில்டர் ஆயில் அல்லது சுத்தமான என்ஜின் ஆயிலில் நனைத்து, சொட்டாத அளவுக்கு உள்ளங்கையில் அழுத்திப் பிழிந்து போடுங்கள். முறுக்கிப் பிழிந்தால் கிழியும். பெட்ரோலில் கழுவினால் ஒட்டுப் பசை விட்டுப்போகும். ஃபில்டர் நன்றாக இருந்தும் என்ஜின் தேய்கிறதென்றால் அதற்கும் கார்புரேட்டருக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாயை விரலால் மடக்கிப் பாருங்கள். மடிப்பில் மயிரிழை வெடிப்பு இருக்கும். உள்பக்கம் விரலை விட்டுத் துடைத்தால் செந்தூள் ஒட்டும். அந்தத் தூள் பிஸ்டன் ரிங்கைத் தேய்த்த பிறகுதான் சைலன்சரில் நீலப் புகை வரும். அப்போது ஃபில்டரை மாற்றிப் பயனில்லை.

ஆயில் கொள்ளளவு சுமார் 800 முதல் 900 மி.லி. மட்டுமே. பெரும்பாலானவற்றில் மாற்றக்கூடிய ஆயில் ஃபில்டர் கிடையாது. ஒரு கம்பி வலையும் கிளட்ச்சோடு சுழலும் கிண்ணமும்தான். எனவே அழுக்கை வெளியேற்ற ஆயிலை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. புது வண்டிக்கு முதல் 5 மணி நேர ஓட்டத்திலேயே மாற்றுங்கள். வடிகிற ஆயிலில் வெள்ளிப் பொடி மின்னும். பிறகு 20 முதல் 25 மணி நேரத்துக்கு ஒருமுறை. இந்த ஆயிலில்தான் கிளட்ச்சும் நனைகிறது. அதனால் டப்பாவில் ஜாஸோ எம்.ஏ. என்று இருக்கும் பைக் ஆயில்தான் வேண்டும். 10டபிள்யூ-40 அல்லது 20டபிள்யூ-40 நம் வெயிலுக்குப் பொருந்தும். கார் ஆயிலும், எம்.பி. என்று குறித்த ஸ்கூட்டர் ஆயிலும் கிளட்ச்சை வழுக்க வைக்கும். ஓடையைக் கடந்த பிறகு ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மாற்றி, பத்து நிமிடம் ஓட்டி, மறுபடியும் மாற்ற வேண்டும்.

டேப்பட் (வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கர் கைக்கும் உள்ள இடைவெளி) பற்றி ஒரு தவறான நம்பிக்கை ஊன்றிவிட்டது: சத்தம் வந்தால் பார்க்கலாம் என்று இருந்துவிடுகிறார்கள். மலிவு வண்டியில் வால்வு முகம் தேயத் தேய இடைவெளி குறையும், சத்தமும் குறையும். நேற்றுவரை லேசாகத் தட்டிய என்ஜின் இன்று அமைதியாகிவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். அப்படிப்பட்ட வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகும், சூடானபின் நிறுத்தினால் திரும்ப எழாது. இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் 0.05 மி.மீ. போதும். என்ஜின் இரவு முழுதும் ஆறியிருக்க வேண்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, இடப்பக்க மேக்னெட் மூடியைத் திறந்து, மேக்னெட் சக்கரத்தை இடஞ்சுழியாகத் திருப்பி 'டி' (T) குறியைக் கேஸின் குறிக்கு நேராக நிறுத்துங்கள். இரண்டு ராக்கரும் விரலுக்கு ஆட வேண்டும். ஆடாவிட்டால் இன்னொரு முழுச் சுற்று. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகடு லேசான உராய்வோடு நழுவும்படி வைத்து லாக் நட்டை முடுக்கி, மீண்டும் ஒருமுறை தகடு விட்டுப் பார்க்க வேண்டும். முடுக்கும்போது அளவு மாறிவிடுவதுண்டு. கழற்றிய பிளக் ஏ7டிசி (A7TC) என்றிருந்தால் அதற்கு இணை என்.ஜி.கே. சி7எச்எஸ்ஏ, இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ.

பெட்ரோலில் இப்போது 20 சதவீதம்வரை எத்தனால் கலக்கிறது. அது ஈரத்தை இழுக்கும். வாரக்கணக்கில் நின்றால் கார்புரேட்டர் கிண்ணத்தில் பசை படியும். மலிவு ரப்பர் குழாயும் இற்றுப்போகும். வண்டியை நிறுத்தும்போது பெட்ரோல் குழாய்த் திருகை மூடி, என்ஜின் தானே நிற்கும்வரை ஓடவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நிற்குமென்றால் கிண்ணத்தின் அடித் திருகைத் திறந்து வடித்துவிடுங்கள். சோக் போட்டால் ஓடி, சோக்கை எடுத்ததும் அணைகிறது என்றால் பைலட் ஜெட் (மெதுவாக ஓடும்போது பெட்ரோல் விடும் துளையுள்ள சிறு பித்தளைத் திருகு) அடைத்திருக்கிறது. அதைச் சரியான அளவுத் திருப்புளியால் கழற்றி, ஒயரின் ஒற்றைச் செம்பு இழையால் குத்தி ஊத வேண்டும். ஊசியோ ஸ்டீல் கம்பியோ விட்டால் பித்தளைத் துளை பெரிதாகிவிடும்.

சமவெளியில் நன்றாக ஓடிய வண்டி ஊட்டிக்குப் போனதும் மந்தமாகி, பிளக் கறுத்து, கரும்புகை தள்ளும். 2,240 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்துவிடுவதால் பெட்ரோல் மிகுந்துபோகிறது. கார்புரேட்டர் ஊசியில் பள்ளங்கள் இருந்தால் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே ஏற்றுங்கள்; ஊசி அந்த அளவு இறங்கிப் பெட்ரோலைக் குறைக்கும். வண்டி கீழே இறங்கியதும் பழைய பள்ளத்துக்கே மாற்றிவிட வேண்டும். இல்லையேல் பெட்ரோல் போதாமல் என்ஜின் கொதிக்கும்.

செயின் பெரும்பாலும் 428 அளவு, பைக் கடையிலேயே கிடைக்கும். ஓட்டுபவர் மேலே உட்கார்ந்திருக்கும்போது நடுவில் 20 முதல் 25 மி.மீ. தொய்வு இருக்கட்டும். இரண்டு முன் சக்கரங்களின் இடைவெளியை ஆக்சில் உயரத்தில் அளந்தால், டயர்களின் முன்புறம் பின்புறத்தைவிட 5 மி.மீ. அளவு குறுகியிருக்க வேண்டும். டை ராடைத் திருப்பி வைக்கலாம். ஏ-ஆர்ம் பிடிக்கும் இடங்களில் பெயிண்டின் மேல் துரு நிறத்தில் ஒரு கோடு தெரிந்தால் அது வெல்டு வெடிப்பு. அதை வெல்டிங் வைக்கும் முன் பேட்டரி மைனஸ், சி.டி.ஐ. (தீப்பொறி தரும் மின் பெட்டி), ரெகுலேட்டர் பிளக்குகளைக் கழற்றச் சொல்லுங்கள். சேற்றைக் கழுவும்போது சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் தண்ணீரை பியரிங், ஒயரிங் பக்கம் காட்ட வேண்டாம். சிலிண்டரைக் குளிர்விக்கும் தகட்டு மடிப்புகளில் அப்பிய சேற்றைக் குச்சியால் எடுத்தே ஆக வேண்டும்.

விற்பவர்கள் தமிழில் ஒரு பராமரிப்புத் தாளும், போல்ட்டுகளை முடுக்கிப் பார்த்ததற்கான கையொப்பமும் கொடுத்து வண்டியை ஒப்படைக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறோம். வாடகைக்கு விடும் இடங்களில் வண்டிக்கு ஒரு நோட்டு வைத்து, ஓடிய மணி நேரமும் ஆயில், டேப்பட் பார்த்த தேதியும் எழுதட்டும். பிள்ளைகளை ஏற்றும் முன் பெற்றோர் கண்முன்னே இரண்டு சோதனைகள் செய்து காட்டுவது கட்டாயமாக வேண்டும். ஹேண்டிலை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்பி, கட்டைவிரல் ஆக்சிலேட்டரை அழுத்திவிட்டால் அது தானாகத் திரும்புகிறதா என்பது ஒன்று. என்ஜின் ஓடும்போது பின்பக்கப் பாதுகாப்புக் கயிற்றை இழுத்தால் உடனே அணைகிறதா என்பது மற்றொன்று. இரண்டில் ஒன்று தவறினாலும் அந்த வண்டியின் சாவியைப் பழுது பார்க்கும்வரை யாருக்கும் கொடுக்கக் கூடாது.

இப்படிக்கு,
ஏ.டி.வி. பழுது பார்க்கும் தொழிலாளர்கள் சிலர்,
சேலம்