ஐந்தாவது கட்டத்துக்கு நன்றி

என் மனநலம் மீள உதவிய அனைவருக்கும் வணக்கம்.

பதினான்கு மாதங்களுக்கு முன் ஒரு நள்ளிரவில், நெஞ்சு படபடக்க, விரல்கள் மரத்துப்போக, இதோ உயிர் போகிறது என்று நம்பி அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு ஓடியவன் நான். நீங்கள் ஒவ்வொருவரும் எனக்குச் செய்தது இன்னதென்று பிறரும் அறிய வேண்டும் என்பதால் இந்நன்றியைப் பொதுவில் வைக்கிறேன். பெயர்களைக் குறிப்பிடாதது உங்கள் விருப்பப்படியே.

முதல் நன்றி அன்றிரவு பணியில் இருந்த மருத்துவருக்கு. ஈசிஜி எடுத்து, தைராய்டு உட்பட இரத்தப் பரிசோதனைகளையும் செய்து, வேறு கோளாறு இல்லை என்று உறுதியான பிறகே பதற்றம் என்ற சொல்லை அவர் எடுத்தார். வேகவேகமாக மூச்சு வாங்கும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடுகிறது என்றும், விரல் மரத்துப்போவதும் தலை கிறுகிறுப்பதும் அதனால்தான் என்றும் ஒரு தாளில் வரைந்து காட்டினார். நான் உணர்ந்தது பொய்யல்ல, அதற்கு நான் கொண்ட பொருள்தான் தவறு என்பது அப்போதுதான் புரிந்தது.

ஆலோசகர் அவர்களே, அண்ணனை இழந்த ஓராண்டில் ஒரு முறைகூட அழவில்லை என்பதை ஏதோ சாதனைபோல் உங்களிடம் சொன்னேன். நீங்கள் மறுக்கவுமில்லை, மெச்சவுமில்லை. "அண்ணன் என்று சொல்லும்போதெல்லாம் உங்கள் தோள்கள் காதுவரை ஏறுகின்றன, கவனித்தீர்களா?" என்று மட்டும் கேட்டீர்கள். பிறகு, 1960களில் ஆரோன் பெக் என்ற மனநல மருத்துவர் வகுத்த, எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கும் சிகிச்சை முறையின் வழிவந்த எண்ணப் பதிவுத் தாளைக் கொடுத்தீர்கள். நிகழ்ச்சி, எண்ணம், உணர்ச்சி, மாற்று எண்ணம் என்று நான்கு கட்டங்கள். எழுத்து கைவந்தவன் என்ற மிடுக்கில் வாரந்தோறும் அவற்றை அழகாக நிரப்பி வந்தேன். தாள் நிறைந்தது, தூக்கம்தான் வரவில்லை. வாய் ஒத்துக்கொண்டதை உடல் ஒத்துக்கொள்ளவில்லை என்பதை எனக்கு முன்பே கண்டுகொண்ட நீங்கள், மூச்சையும் தசையையும் அறிந்த ஒருவரிடமும் செல்லும்படி சொன்னீர்கள். இங்கே வருவதை நிறுத்த வேண்டாம் என்பதையும் சேர்த்தே சொன்னீர்கள்.

அந்த இரண்டாம் பாதியைக் காதில் வாங்காமல் நானாகத் தேடிப்போன ஓரிடத்தில், அப்போது நான் எடுத்துவந்த மனச்சோர்வு மாத்திரையையும் ஆலோசனையையும் விட்டால்தான் குணமாகும் என்றார்கள். விட்டேன். மூன்று வாரங்களில் தலைசுற்றலும் எரிச்சலும் பழைய நடுக்கமுமாகத் திரும்பிய என்னை, மனநல மருத்துவர் ஒரு சொல்லும் கடிந்துகொள்ளாமல் ஏற்று மருந்தை மீண்டும் படிப்படியாகத் தொடங்கினார். மூலிகைதானே என்று நான் வாங்கிவைத்திருந்த செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மாத்திரையைப் பார்த்து, அதை என் மனச்சோர்வு மருந்துடன் சேர்த்தால் உடலில் செரட்டோனின் என்ற, நரம்புகளிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள் அளவு மீறிப்போகக்கூடும் என்று தடுத்த மருந்தாளுநருக்கும் நான் கடன்பட்டவன். இயற்கையானது தீங்கு செய்யாது என்ற என் எண்ணம் அன்றோடு போயிற்று.

பயிற்சியாளர் அம்மா, மூச்சையும் தசையையும் அறிந்தவர் என்று ஆலோசகர் சொன்னவர் எனக்கு நீங்கள்தான்; உங்களைப் பற்றி எழுத எனக்கு நிறைய இருக்கிறது. முதல் வகுப்பில் படுத்துக் கண்களை மூடி, பாதம் முதல் தலைவரை ஒவ்வோர் உறுப்பாகக் கவனிக்கும் பயிற்சியைத் தொடங்கினீர்கள். 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபட்-ஜின் தொடங்கிய, தியானத்தின் வழி மன அழுத்தத்தைக் குறைக்கும் எட்டு வாரத் திட்டத்தில் இடம்பெற்ற அதே பயிற்சி. பலருக்கும் இதம் தருவது. எனக்கோ, கவனம் நெஞ்சுக்கு வந்ததும் படபடப்பு கிளம்பிவிட்டது. "பொறுத்துக்கொள்ளுங்கள், கடந்துபோகும்" என்று நீங்கள் சொல்லவில்லை. எழுந்து உட்காரச் செய்து, கண்களைத் திறக்கச் சொல்லி, உள்ளங்கால் தரையில் பதிவதை மட்டும் கவனிக்கச் சொன்னீர்கள். மறுவாரம் முதல் கதவருகே எனக்கென ஒரு நாற்காலி இருந்தது. தியானத்தைத் தள்ளிவைத்து, ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற மருத்துவர் உருவாக்கிய, தசையை இறுக்கித் தளர்த்தும் முறையில் தொடங்கினோம். முஷ்டியை மடக்கி விட்டபோதுதான், அது நாள் முழுக்கப் பாதி மடங்கியே இருந்திருக்கிறது என்று தெரிந்தது. மூச்சுப் பயிற்சியிலும் எண்ணிக்கையைத் திணிக்காமல், வெளிமூச்சு சற்று நீளட்டும், அப்போது மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் வழியாக இதயத்துடிப்பு தானே மெதுவாகும் என்று சொல்லி, என் விரலையே என் மணிக்கட்டு நாடியில் வைத்துப் பார்க்கச் செய்தீர்கள். மந்தமாவது உண்மையிலேயே தெரிந்தது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிதாக நான் நினைப்பது வேறொன்று. அந்த முதல் வகுப்பு முடிந்ததும் என் சம்மதம் கேட்டு, நடந்ததை ஆலோசகருக்கு அரைப் பக்கத்தில் எழுதி அனுப்பினீர்கள். அடுத்த அமர்வில் ஆலோசகர் அதை என் முன்னே வைத்து, பழைய எண்ணப் பதிவுத் தாளின் ஓரத்தில் ஸ்கேலால் கோடு போட்டு ஐந்தாவது கட்டம் ஒன்றைச் சேர்த்து, 'உடலில் எங்கே?' என்று தலைப்பிட்டார். அதில் முதலில் நான் எழுதியது 'தொண்டை'. எழுதிய கையோடு, கடைசி நாளில் அண்ணனிடம் சொல்ல வந்து சொல்லாமல் விழுங்கிய ஒரு வாக்கியம் நினைவுக்கு வந்தது, அன்றுதான் அழுதேன். மூச்சுப் பயிற்சி மட்டும் இருந்திருந்தால் அந்த வாக்கியத்தை இன்னும் அமைதியாக விழுங்கப் பழகியிருப்பேனோ என்று இப்போது தோன்றுகிறது. பேச்சு மட்டும் இருந்திருந்தால் தொண்டை என்ற இடத்துக்கே போயிருக்க மாட்டேன். உங்கள் இருவரில் எவரும் மற்றவரின் வேலையைத் தமதென்று சொல்லிக்கொள்ளாததால்தான் இது எனக்குக் கிடைத்தது.

இரவுகளில் ஒன்றும் பேசாமல் உடன் விழித்திருந்த என் மனைவிக்கும், குழு வகுப்பில் என் கதவருகு நாற்காலியைப் பற்றி ஒரு முறையும் காரணம் கேட்காத, உடன் பயின்றவர்களுக்கும் என் நன்றி.

பதற்றம் அடியோடு போய்விடவில்லை; சென்ற வாரமும் ஒரு நாள் வந்தது. மருந்து குறைந்திருக்கிறது, அதுவும் மருத்துவர் சொன்ன அளவிலேயே. ஆலோசகரிடம் மாதம் ஒருமுறை செல்கிறேன். பயிற்சி வகுப்பில் நாற்காலியை விட்டுத் தரைக்கு வந்து ஆறு வாரங்கள் ஆகின்றன, அம்மா. கண்களை மட்டும் இன்னும் முழுக்க மூடவில்லை.

நன்றியுடன்,
உங்களிடம் மூச்சுவிடவும் பேசவும் கற்றவன்