பெண் குழந்தை பேர் போடும்போது அது எந்த மொழின்னும் சேர்த்து போடுங்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பரோட ஞாயித்துக்கிழமை இணைப்புல பெண் குழந்தை பேரும் அர்த்தமும்னு ஒரு பகுதி வருதுல்ல, எங்க தண்டையார்பேட்டை பக்கம் அதை வெட்டி எடுத்து வெச்சுக்கிறவங்க நெறைய பேர் இருக்காங்க. என் தம்பிக்கு பொண்ணு பொறந்திருக்கு, அத்தைங்கற முறையில காதுல மூணு தடவை பேர் சொல்ற உரிமை எனக்குத்தான், அதனால நானும் ஒண்ணு விடாம படிச்சேன். படிச்சதுல சில பெயர்களுக்கு போட்டிருந்த அர்த்தத்தை பார்த்து மனசுக்கு ரொம்ப கஷ்டமா போச்சு, அதான் எழுதறேன்.

கியாராங்கற பேரை சமஸ்கிருதம், சூரியனோட முதல் கதிர்னு போட்டிருக்கீங்க. அது சமஸ்கிருதமே இல்லைங்க. இத்தாலிக்காரங்க கியாரான்னு கூப்பிடறது லத்தீன் வழி வந்த பேரு, தெளிவானவ, பிரகாசமானவன்னு அர்த்தம், கிளாராவும் அதே பேர்தான். ராயபுரத்துல சர்ச்சுக்கு போற வீடுகள்ல எத்தனை கிளாரா ஆன்ட்டி இருக்காங்க! அந்த பேரை பழசுன்னு தள்ளிட்டு கியாரான்னு புதுசா வெக்கிறோம். அயர்லாந்துல இருந்து வந்த இன்னொரு பேரையும் சிலர் கியாரான்னே எழுதறாங்க, அதுக்கு கருப்புன்னு அர்த்தம். தன்யாவும் இப்படித்தான், சமஸ்கிருதத்துல பாக்கியவதி, ஆனா தான்யான்னு நீட்டி சொன்னா ரஷ்யாவுல தத்யானாங்கற பேரோட செல்லப்பேர். எந்த பேரையும் வெக்கக்கூடாதுன்னு நான் சொல்ல வரலை, தாராளமா வெக்கட்டும், ஆனா நாளைக்கு அந்த பொண்ணு வளர்ந்து எம்பேருக்கு என்ன அர்த்தம்னு கேட்டா பெத்தவங்க சரியான பதிலை சொல்லணும் இல்லையா.

வெளிநாட்டு பேர் நம்ம ஏரியாவுக்கு புதுசும் கிடையாது. எனக்கு தெரிஞ்ச தொழிற்சங்கக் குடும்பம் ஒண்ணுல ஒரு அக்காவுக்கு வாலண்டினான்னு பேரு, 1963 ஜூன்ல வாலண்டினா தெரஷ்கோவா விண்வெளிக்கு போன முதல் பொம்பளைன்னு அவங்க அப்பா ஆசையா வெச்சது. லத்தீன்ல அதுக்கு பலம்னு அர்த்தம். எங்கிருந்து வந்துச்சு, எதுக்கு வெச்சோம்னு தெரிஞ்சு வெச்ச பேர் அது. அதே மாதிரி மேரி, மரியா, மரியம் மூணும் ஒரே பேர், சர்ச்சுக்கு போற வீட்டுலயும் மசூதிக்கு போற வீட்டுலயும் ஒரே பேரை கூப்பிடறாங்க. ஆயிஷான்னா அரபில வாழ்கிறவள்.

உங்க பகுதியில எங்க ஆயாக்கள் பேர் ஒண்ணுகூட வரலைங்கறதுதான் எனக்கு பெரிய குறை. எங்க தெருவுல மீன் வித்த குப்பம்மா ஆயாவுக்கு ரேஷன் கார்டு, ஓட்டர் ஐடி எல்லாத்துலயும் குப்பம்மாள்தான், ஆனா பேரன் கல்யாண பத்திரிகைல மட்டும் லட்சுமி அம்மாள்னு அடிச்சிட்டாங்க, பசங்களுக்கு அந்த பேரை வெளிய சொல்ல கூச்சம். ஏன் அந்த பேர் வந்துச்சுன்னு அவங்களுக்கு யாரும் சொல்லலை. முன்னாடி பொறந்ததெல்லாம் செத்துப்போன வீட்டுல அடுத்து ஒரு குழந்தை பொறந்தா அதை குப்பைமேட்டுல போட்டு புரட்டி எடுத்து குப்பம்மா, குப்பன்னு பேர் வெப்பாங்க, இது யாருக்கும் வேணாத பிள்ளைன்னு நெனச்சு எமன் விட்டுட்டு போயிடுவான்னு ஒரு நம்பிக்கை. பிச்சம்மாவும் அந்த வழிதான். அதாவது இந்த பிள்ளையாவது பொழைச்சு கெடக்கணும்னு ஒரு தாய் பதறிப்போய் வெச்ச பேரு, அதைப் போய் அசிங்கம்னு நெனச்சா எப்படி? வேண்டாம்னும் போதும்பொண்ணுன்னும் பேர் வெச்சாங்களே, அது வேற கதை, அடுத்தது ஆம்பளைப் பிள்ளையா பொறக்கணும்னு பொண்ணு மேல சுமத்தின பேரு, திருவள்ளூர் பக்கத்து கிராமங்கள்ல அந்த பேரோட இன்னைக்கும் பொண்ணுங்க இருக்காங்க. ரெண்டையும் ஒண்ணா சேர்த்து பேசக்கூடாது.

கோயில் பேருக்கும் இங்க பஞ்சமே இல்லை. பௌர்ணமி அன்னைக்கு மேலூர் திருவுடையம்மன், திருவொற்றியூர் வடிவுடையம்மன், திருமுல்லைவாயில் கொடியிடையம்மன்னு ஒரே நாள்ல மூணு கோயிலுக்கும் போயிட்டு வர்றவங்க எத்தனை பேர், ஆனா அந்த பேரை பிள்ளைக்கு வெக்க யாருக்கும் தோணலை. தேவாரம் பாடின சுந்தரர் கல்யாணம் பண்ணிக்கிட்ட ரெண்டு பேர்ல சங்கிலியார் திருவொற்றியூர்ல இருந்தவங்க, பரவையார் திருவாரூர்ல இருந்தவங்க. பரவைன்னா கடல், கடல் பக்கத்துல குடியிருக்கிற நமக்கு இதைவிட பொருத்தமா ஒரு பேர் கெடைக்குமா சொல்லுங்க. எங்க குழந்தைக்கு ரோகிணி நட்சத்திரம், ஒ, வ, வி, வு இதுல ஆரம்பிக்கணும்னு வீட்டுல எல்லாரும் செல்லை வெச்சுக்கிட்டு ஆப் ஆப்பா தேடிட்டு இருக்காங்க, நான் வடிவுன்னு சொன்னேன், அழகுன்னு அர்த்தம், எழுத்தும் சரியா வருது. கெழவி பேரு மாதிரி இருக்குங்கறாங்க. உங்க பேப்பர்ல வந்திருந்தா ஒத்துக்கிட்டிருப்பாங்க, அச்சுல வந்தா அவ்வளவு மதிப்பு இருக்கு, அதனாலதான் உங்ககிட்ட கேக்கறேன்.

ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல அது தமிழா, சமஸ்கிருதமா, அரபியா, லத்தீனான்னு போடுங்க. சென்னைப் பல்கலைக்கழகம் 1924ல இருந்து 1936 வரைக்கும் 6 தொகுதியா போட்ட தமிழ்ப் பேரகராதி நெட்லயே இலவசமா இருக்கு, சமஸ்கிருதத்துக்கு மோனியர் வில்லியம்ஸ் அகராதியும் இருக்கு, ரெண்டுலயும் ஒரு தடவை பார்த்துட்டு போட்டாலே பாதி தப்பு போயிடும். அர்த்தம் நிச்சயமா தெரியாத பேரை விட்டுடுங்க, பரவாயில்லை.

இன்னொண்ணு, ஆஸ்பத்திரில சர்ட்டிபிகேட்டுக்கு கேக்கறாங்கன்னு பயந்து அவசர அவசரமா ஏதோ ஒரு பேரை எழுதிக் குடுத்துடறாங்க. பொறந்த 21 நாளுக்குள்ள பிறப்பை பதிவு பண்ணணும், ஆனா பேர் இல்லாமயே பதியலாம், அப்புறம் 12 மாசத்துக்குள்ள கட்டணம் இல்லாம பேரை சேர்த்துக்கலாம், அதைத் தாண்டினாலும் 15 வருஷம் வரைக்கும் தாமதக் கட்டணம் கட்டி சேர்க்கலாம். 2023 அக்டோபர்ல இருந்து பொறக்கற பிள்ளைங்களுக்கு ஸ்கூல் அட்மிஷன்ல இருந்து பாஸ்போர்ட் வரைக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம், அதனால அதுல ஏறுற பேரும் எழுத்தும் சரியா இருக்கணும். இந்த விவரத்தை அந்த பகுதிக்கு கீழ ஒரு சின்ன பெட்டியா வாராவாரம் போட்டீங்கன்னா புள்ளத்தாச்சி இருக்கிற வீடுகளுக்கு ரொம்ப உதவியா இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தண்டையார்பேட்டை, சென்னை - 81