படி அரிசியும் மில் சங்கும் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

வட சென்னையின் அரசியல் நினைவுகளைப் பற்றிப் பல வருடங்களாக நான் எழுதிவந்த கட்டுரைகள் போன வாரம் புத்தகமாகக் கைக்கு வந்தன. முன்னுரையில் நன்றி சொல்ல ஒரு பக்கம்தான் கிடைத்தது. பாதிப் பேர் விட்டுப்போய்விட்டார்கள். அதனால்தான் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று உங்களில் பலர் சொல்லிவிட்டீர்கள். படிக்கும்போது யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும்.

முதலில் ஓட்டேரி ஆயா. 1967 தேர்தலைப் பற்றிக் கேட்கத்தான் உங்கள் வீட்டுக்கு வந்தேன். விருதுநகரில் காமராஜரே தோற்றது, அண்ணா முதலமைச்சரானது எல்லாம் என் குறிப்பில் ஏற்கெனவே இருந்தன. 'ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்று தி.மு.க. கொடுத்த அரிசி வாக்குறுதியை நான் சொன்னதும் நீங்கள் எழுந்து போய், பரணிலிருந்து ஒரு பித்தளைப் படியை இறக்கிவந்து என் முன்னால் வைத்தீர்கள். அந்த வருடமே சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி போடத் தொடங்கியபோது, கடையில் வாங்கிய அரிசியை வீட்டுக்கு வந்து அந்தப் படியில் மறுபடி அளந்தீர்களாம். "தலை தட்டித்தான் இருந்துச்சு தம்பி. ஆனா இருந்துச்சு" என்றீர்கள்.

அந்த வாக்குறுதியை நிறைவேறாத ஒன்று என்று ஒரு வரியில் தாண்டிப் போகிறவர்கள் உண்டு. என் முதல் வரைவிலும் அப்படித்தான் இருந்தது. மூன்று படி வரவில்லை, அது உண்மை. ஆனால் அரிசிக்குத் திண்டாடிய அந்த நாளில் ஒரு படி என்பது ஒரு வீட்டுக்குள் என்னவாக இருந்தது என்று எழுதாமல் அந்தத் தேர்தலை எழுதிவிட முடியாது. அந்தப் பத்தியை அடித்துவிட்டேன்.

அப்புறம் 2015 டிசம்பர் வந்தது. அடையாற்றுத் தண்ணீர் எங்கள் சைதாப்பேட்டை வீட்டுக்குள் இடுப்பளவு ஏறியது. நோட்டுகள் எல்லாம் கீழ்த்தட்டில் இருந்தன. மாடி வீட்டு அக்கா, உங்கள் வீட்டுச் சாமான்களையே ஒதுக்கத் தெரியாமல் நின்ற நேரத்தில், ஈர நோட்டுகளை வாங்கிக்கொண்டு போய்ப் பக்கத்துக்குப் பக்கம் பழைய செய்தித்தாளைச் சொருகி அடுக்கி வைத்தீர்கள். கரண்ட் வந்த பிறகு உங்கள் பெண்கள் இரண்டு பேரும் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் பிரித்தார்கள். பால்பாயிண்டில் எழுதியது தப்பித்தது. மைப் பேனாவில் எழுதியது நீலமாகக் கரைந்துவிட்டது. ஆயா சொன்னதும் அதில்தான் போனது.

மறுபடி ஓட்டேரிக்குப் போனேன். ஆயா கொஞ்சமும் சலித்துக்கொள்ளவில்லை. அதே படியை இறக்கிவைத்து, அதே கதையைச் சொன்னார். இந்த முறை கூடவே ஒன்று வந்தது. "அன்னிக்கு ராத்திரி புள்ளைங்க ரெண்டாவது தடவ சோறு கேட்டுச்சுங்க. போட்டேன்." புத்தகத்தின் மூன்றாம் கட்டுரை அந்த வரியில்தான் தொடங்குகிறது.

புளியந்தோப்புப் பெரியவருக்கு நான் பட்டிருக்கும் கடன் வேறு வகை. பின்னி நெசவு மில்லைப் பற்றிப் பேசினால் எல்லோரும் வேலை நேரத்துக்கு ஊதும் சங்கைத்தான் சொல்வார்கள். மொத சங்குக்கு எழுந்தது, சங்கை வைத்து உலை ஏற்றியது, 1996இல் மில் மூடிய பிறகு காலை எப்போது விடிகிறது என்றே தெரியாமல் போனது. நீங்களும் அதையெல்லாம் சொன்னீர்கள். நான் 1918இல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தையும், 1921இல் அந்த மில்லில் நடந்த வேலைநிறுத்தத்தையும், திரு.வி.க.வின் பேச்சுகளையும் பெருமையோடு எழுதிக் கொண்டுவந்து படித்துக் காட்டினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்க தெரு எங்கே?" என்று கேட்டீர்கள்.

அந்த வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் விலகி நின்றார்கள். தொழிலாளர்கள் சாதியாகப் பிரிந்தார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது. உங்கள் தாத்தாவின் குடிசையும் அதில் போனது. இந்தியாவின் முதல் தொழிற்சங்கங்களில் ஒன்று என்ற பெருமையை நாம் மேடையில் நினைவுகூர்கிறோம். எரிந்த தெருவை நினைவில் வைத்துக்கொள்ளும் வேலையை அந்தத் தெருவுக்கே விட்டுவிட்டோம். இது தவறு என்று நான் நினைக்கிறேன். "சங்கமும் நெசம், நெருப்பும் நெசம். ரெண்டையும் ஒரே பக்கத்துல போடு" என்றீர்கள். 41ஆம் பக்கத்தில் இரண்டும் இருக்கின்றன. அதைப் பார்க்க நீங்கள் இல்லை. உங்கள் மகளிடம் பிரதியைக் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் அந்தப் பக்கத்தைத் திறந்து உங்கள் படத்துக்கு முன்னால் வைத்தார்.

மெரினாவில் சுண்டல் விற்கும் அக்காவுக்கும் நன்றி. 2001 டிசம்பரில் எடுக்கப்பட்ட கண்ணகி சிலை 2006 ஜூனில்தான் திரும்ப வந்தது. சிலை இல்லாத அந்த நாலரை வருடமும் "கண்ணகி சிலைகிட்ட நிக்கிறேன்" என்றுதான் எல்லோருக்கும் இடம் சொன்னதாகச் சொன்னீர்கள். ஆட்டோக்காரர்களும் சரியாக அங்கேயே வந்து நிறுத்தினார்களாம்.

மூலக்கொத்தளம் இடுகாட்டில் 1939இன் மொழிப்போர்த் தியாகிகள் நடராசன், தாளமுத்து நினைவிடத்தைக் காட்டி, நான் எழுதி முடிக்கும்வரை வெயிலில் கூடவே நின்ற அண்ணனுக்கும், கன்னிமாரா நூலகத்திலும் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் பழைய இதழ்களை எடுத்துக் கொடுத்தவர்களுக்கும், டீக்கடையில் கட்சிக்கு ஒருவராக உட்கார்ந்து என் வரைவைச் சண்டை போட்டபடியே திருத்திய இரண்டு தாத்தாக்களுக்கும் வணக்கம்.

இன்னும் ஒருவர் இருக்கிறார். நெருக்கடி நிலைக் காலத்தில் கணவரைச் சிறையில் விட்டிருந்த அம்மா. சென்ட்ரல் பக்கத்திலிருந்த அந்தச் சிறையை 2009இல் இடித்துவிட்டார்கள். மூன்று முறை வந்தேன், மூன்று முறையும் காபி கொடுத்தீர்கள். மூன்றாவது முறை பேசினீர்கள், பேசி முடித்துவிட்டு எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதவில்லை அம்மா. அந்த நோட்டை உங்களிடமே கொடுத்துவிடுகிறேன்.

ஆயா, உங்கள் பிரதி என் பையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வருகிறேன். எழுத்து பொடியாக இருக்கிறது, நானே படித்துக் காட்டுகிறேன்.