பல்பும் தளையும்

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. மூட்டுவலிக்கு எண்ணெய் தேய்த்தது போதும், டாக்டரைப் போய்ப் பார். நீயும் யாப்பிலக்கணத்தை ஆன்லைனில் நடத்தப்போகிறாய் என்றதும் சந்தோஷமாக இருந்தது. நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் மின்சுற்றுப் பாடத்தை வகுப்பில் போலவே ஐம்பது நிமிஷம் பேசிப் பதிவு செய்தேன். எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்ற வரைபடத்தை மறுநாள் திறந்தால், ஏழாவது நிமிஷத்துக்குள் கோடு கயிறறுந்த வாளி மாதிரி கிணற்றுக்குள் போய்விட்டது. முப்பது வருஷ வாத்தியாருக்கு இது தேவைதான். அப்புறம் தேடிப் படித்தேன். எட்எக்ஸ் என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் வீடியோ பார்க்கப்பட்ட 69 லட்சம் தடவைகளை 2014இல் அலசியிருக்கிறார்கள். வீடியோ எவ்வளவு நீளமானாலும் பாதிக்குப் பாதி தடவை ஆறு நிமிஷத்துக்குள் மூடிவிடுகிறார்களாம். நம் வகுப்பில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கியவர்களுக்கு வரைபடம் இல்லை, அவ்வளவுதான்.

சரி, துண்டு துண்டாக வெட்டினேன். அதனால் மட்டும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. கேள்வியை முன்னால் வைத்த பிறகுதான் பையன்கள் அசைந்தார்கள். 40 வாட், 100 வாட் குண்டு பல்புகள் இரண்டையும் தொடரிணைப்பில் போட்டால் எது பிரகாசமாக எரியும்? பதிலை அழுத்தினால்தான் வீடியோ திறக்கும். முக்கால்வாசிப் பேர் 100 என்றார்கள். பிரகாசமாக எரிவது 40தான், அதற்குத்தான் மின்தடை அதிகம். தோற்றவன் ஏன் தோற்றோம் என்று கடைசிவரை பார்த்தான். ஒருவன் குண்டு பல்பை எங்கோ தேடிப் பிடித்து, ஒர்க்‌ஷாப்பில் மாட்டி, படமெடுத்தே அனுப்பிவிட்டான்.

அதனால் நீ அசை, சீர் என்று விளக்கத்தில் ஆரம்பிக்காதே. முதல் குறளில் ‘பகவனை’ எடுத்துவிட்டு ‘ஆதி தேவன்’ என்று போடு. எங்கே நொண்டுகிறது என்று கேள். பொருள் அப்படியே இருக்கும், சீரையும் சீரையும் கட்டும் தளை தட்டும். காது கண்டுபிடித்த பிறகு, மாச்சீருக்கு அடுத்து நிரையசை வரவேண்டும் என்ற ‘மாமுன் நிரை’ விதியைச் சொன்னால் மறக்கவே மறக்காது.

இன்னொன்று, நாற்பது பேருக்கு மேல் சேர்க்காதே. ராத்திரி பதினொரு மணிக்கு ஒருத்தி சந்தேகம் கேட்பாள். மறுநாளே பதில் போகவேண்டும். அடுத்த வாரம் அனுப்பினால் அவள் அதற்குள் பாடத்தையே விட்டிருப்பாள். எனக்கு அப்படி நான்கு பேர் போனார்கள்.

முதல் வீடியோவை எனக்கு அனுப்பு. ஃபேனை நிறுத்திவிட்டு எடு. என் முதல் பாடத்தில் என்னைவிட அதுதான் அதிகம் பேசியிருக்கிறது.

அன்புடன்,
ராஜு