ஸ்வைப்புல 13 மணி நேரம், டைம்ஷீட்டுல எட்டரை: எங்க கம்பெனி மேனேஜ்மெண்ட்டுக்கு ஒரு திறந்த மடல்

டெலிவரி ஹெட் சாருக்கும் ஹெச்ஆர் மேடத்துக்கும் வணக்கம்.

சார் மேடம்னு கூப்பிடக்கூடாது, இங்க எல்லாரும் பேர் சொல்லித்தான் கூப்பிடணும், நம்மளது ஃபிளாட் ஆர்கனைசேஷன்னு இண்டக்‌ஷன் அன்னைக்கே சொல்லிக் குடுத்தீங்க. பதினொரு வருஷமா பேர் சொல்லி கூப்பிட்டுப் பார்த்துட்டேன், பெருசா ஒண்ணும் நடக்கல, அதனால இந்த மடல்ல மட்டும் சார்னே கூப்பிட்டுக்கறேன். கம்பெனி பேரையும் போடல. டைடல் பார்க்ல ஆரம்பிச்சு சிறுசேரி வரைக்கும் சென்னை ஓஎம்ஆர் ரோட்டுல எந்த கண்ணாடி பில்டிங்கா வேணா இருக்கலாம், படிக்கிறவங்க அவங்கவங்க ஆபீஸ்னு நெனச்சுக்கட்டும்.

ஹைக், வேரியபிள் பே, ஆன்சைட் எதையும் பேச வரல. பேச வந்தது டைம்ஷீட் பத்தி, அதான் தினமும் எத்தனை மணி நேரம் வேலை பார்த்தோம்னு நாங்களே எழுதிக் குடுக்கற வாரக் கணக்கு. சிரிக்காதீங்க, கொஞ்சம் படிங்க.

போன வருஷம் ஒரு ரிலீஸ் வாரம், அதாவது சாஃப்ட்வேரை கிளையண்ட்டுக்கு குடுக்கற வாரம். என் டீம்ல ஒரு பொண்ணு, காலேஜ் முடிச்சு வந்து எட்டு மாசம் இருக்கும், திருக்கோவிலூர் பக்கம் ஊரு, காரப்பாக்கத்துல ஒரு பிஜி ஹாஸ்டல்ல தங்கியிருந்துச்சு. அந்த வாரம் முழுக்க பழைய சிஸ்டத்துலேர்ந்து புதுசுக்கு டேட்டாவை மாத்தற மைக்ரேஷன் ஸ்கிரிப்ட் ஃபெயில் ஆக ஆக திரும்பத் திரும்ப ஓட்டினது அந்தப் பொண்ணுதான். பிஜி கேட்டை பத்து மணிக்கு பூட்டிடுவாங்க, அதனால தினமும் ஹாஸ்டல் அக்காவுக்கு நான் போன் பண்ணி, ஆமாங்க ஆபீஸ்லதான் இருக்கு, கேப்ல செக்யூரிட்டியோட அனுப்பறேன்னு சொல்லணும். சனிக்கிழமை டைம்ஷீட் சப்மிட் பண்ணுச்சு. திங்கள் 12, செவ்வாய் 13, புதன் பன்னிரண்டரை, வியாழன் பதிமூணரை, வெள்ளி 14. அன்னைக்கும் வந்து பார்த்த வேலையைச் சேர்த்து சனி 6. மொத்தம் 71. ஒவ்வொண்ணுக்கும் நேரா என்ன வேலைன்னும் எழுதியிருந்துச்சு, அவ்வளவு ஒழுங்கா டைம்ஷீட் போட்டவங்கள நான் பார்த்ததே இல்ல.

நான் ரிஜெக்ட் பண்ணேன். ஆமா சார், நான்தான். "ப்ளீஸ் கரெக்ட் அண்ட் ரீசப்மிட்"னு ஒரு வரி கமெண்ட் வேற.

திங்கட்கிழமை காலையில என் டெஸ்க்குக்கு வந்து நின்னுச்சு, கையில ஒரு சின்ன டைரி, அதுல தினமும் வந்த நேரம் போன நேரம் எல்லாம் பேனாவுல எழுதி வச்சிருக்கு. "அண்ணா, கூட்டல் எங்க தப்புன்னு தெரியல, மூணு தடவ பார்த்துட்டேன்"னுச்சு. கூட்டல் எல்லாம் சரிதாம்மா, ஒரு நாளைக்கு எட்டரைக்கு மேல போடக்கூடாது, வாரத்துக்கு நாப்பத்திரண்டரைதான்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "அப்போ சனிக்கிழமை?"ன்னு கேட்டுச்சு. சனிக்கிழமை நீ வரவே இல்லன்னு சொன்னேன் சார். அது தலையாட்டிட்டுப் போயி மாத்திடுச்சு. அப்புறம் அந்த டைரியை நான் பார்க்கவே இல்ல.

ஏன் இப்படி பண்றோம்னு உங்களுக்குத் தெரியாதுன்னு நான் நினைக்கல, ஆனாலும் ஒரு தடவ எழுத்துல இருக்கட்டும். ஃபிக்ஸட் பிரைஸ் ப்ராஜெக்ட். இத்தனை மணி நேரத்துல முடிச்சுத் தர்றோம்னு கிளையண்ட் கிட்ட கையெழுத்து போட்டாச்சு, அதுக்கு மேல நாங்க எவ்வளவு உழைச்சாலும் ஒரு டாலர் கூட வராது. டைம்ஷீட்டுல மணி நேரம் ஏறினா லாப மார்ஜின் இறங்கும், டேஷ்போர்டுல ப்ராஜெக்ட் சிவப்பாகும், சிவப்பானா ப்ராஜெக்ட் மேனேஜரை, அதான் பிஎம்மை, ரிவியூவுக்கு கூப்பிட்டு நீங்க காய்ச்சுவீங்க, பிஎம் வந்து என்னைக் காய்ச்சுவாரு, நான் எட்டு மாசப் பொண்ணோட டைம்ஷீட்டை ரிஜெக்ட் பண்ணுவேன். எட்டரைக்கு மேல போடாதேன்னு ஒரு மெயில் கூட எங்கேயும் கிடையாது பாருங்க, எல்லாம் வாய் வார்த்தைதான்.

கூத்து இதோட முடியல. அடுத்த ப்ராஜெக்டைப் பிடிக்க விலை சொல்ற பிட் வருது. எஸ்டிமேஷன் டீம் பழைய ப்ராஜெக்டோட ஆக்சுவல்ஸ், அதாவது நிஜமா ஆன மணி நேரக் கணக்கை எடுத்துப் பாக்கறாங்க, அதுல என்ன இருக்கும், நாங்க எழுதின பொய்தான் இருக்கும். ஆஹா, 14 பேர் தினமும் எட்டரை மணி நேரம் பார்த்தே முடிச்சிருக்காங்களேன்னு அதையே போடறாங்க, சேல்ஸ் ஆளு டீல் ஜெயிக்கணும்னு அதுலயும் ரெண்டு பேரைக் குறைக்கறாரு, சீனியர் காஸ்ட்லின்னு ரெண்டு சீனியருக்குப் பதிலா ஃப்ரெஷர் வர்றாங்க. 71 மணி நேர வாரத்துல நடந்த வேலையை 42.5 மணி நேர வேலைன்னு நாமளே நம்ப ஆரம்பிச்சு அதுல இன்னும் கொஞ்சம் அறுத்துத்தான் அடுத்த ப்ராஜெக்ட் தொடங்குது. அப்புறம் எல்லா ப்ராஜெக்டும் ஏன் கடைசி மாசத்துல பத்தி எரியுதுன்னு டவுன்ஹால்ல கேக்கறீங்க.

இதுல கிளையண்ட் கால் வேற. அமெரிக்காவோட கிழக்குக் கரையில இருக்கற அவங்களுக்கு காலையில 10 மணி கால்னா நமக்கு ராத்திரி ஏழரை. நவம்பர்ல அமெரிக்காவுல கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி வச்சா இங்க அது எட்டரை ஆயிடும். அவங்க கடிகாரத்தைத் திருப்புறாங்க, சோழிங்கநல்லூர்ல எங்க வீட்டுல சாப்பாடு ஆறிப்போகுது. காலையில ஒன்பதரைக்கு கேட்ல கார்டை ஸ்வைப் பண்ணி உள்ள வந்தவன் அந்த கிளையண்ட் கால் முடிஞ்சு பத்தரைக்கு வெளிய ஸ்வைப் பண்றான். அது 13 மணி நேரம்.

அந்த ஸ்வைப் கணக்கும் உங்ககிட்டதான் சார் இருக்கு. ஒரு நாள் மெட்ரோ வேலைக்காக தோண்டிப் போட்ட ரோட்டுல மாட்டி லேட்டா வந்து, ஆபீஸ்ல இருக்க வேண்டிய 9 மணி நேரத்துக்கு 12 நிமிஷம் குறைஞ்சிருந்துச்சு. மறுநாள் காலையில ஆட்டோமேட்டிக் மெயில், மேனேஜருக்கு சிசி. 12 நிமிஷம் குறைஞ்சதைக் கண்டுபிடிக்கிற அந்த சிஸ்டத்துக்கு நாலு மணி நேரம் கூடினது இத்தனை வருஷத்துல ஒரு தடவ கூட கண்ணுல படல.

2023 அக்டோபர்ல, இன்ஃபோசிஸை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான நாராயண மூர்த்தி, இளைஞர்கள் தேசத்துக்காக வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்கணும்னு சொன்னப்போ நாடே சண்டை போட்டுச்சு. எங்க கேன்டீன்ல யாரும் சண்டை போடல. "நாம ஏற்கனவே தேசத்துக்காகத்தான் உழைச்சிட்டு இருக்கோம், டைம்ஷீட்டுலதான் தேசத்துக்கு ப்ராஜெக்ட் கோடு இல்ல"ன்னான் ஒருத்தன்.

சட்டம் பேசலாம்னா, 1947லயே தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டத்துல ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48, அதுக்கு மேல பார்த்தா ரெட்டிப்பு சம்பளம்னு எழுதி வச்சிருக்காங்க. அது உங்களுக்குப் பொருந்தாது, நீங்க சட்டம் சொல்ற தொழிலாளியே (ஒர்க்மேன்) இல்லன்னு ஹெச்ஆர்ல சொல்வீங்க. ஆனா ஐடி ஆளுங்களும் சங்கம் வைக்கலாம், அப்போ இருந்த தொழில் தகராறு சட்டம் இங்கயும் பொருந்தும்னு 2016லயே தமிழ்நாடு அரசு சொல்லிடுச்சு. சரி, அதையெல்லாம் எடுத்துட்டு லேபர் ஆபீஸுக்கு ஒருத்தன் போறான்னே வைங்க, அங்க முதல் கேள்வி ரெக்கார்டு எங்கப்பாங்க. ரெக்கார்டுல எட்டரைதான் இருக்கும், அதையும் அவன் கையாலயே போட்டிருப்பான். இதை யார் யோசிச்சாங்களோ, மூளைக்காரங்கதான்.

அந்தப் பொண்ணுக்கு அப்ரைசல்ல அஞ்சுக்கு மூணு வந்துச்சு. நான் நாலு போட்டேன், இத்தனை பேருக்குத்தான் நல்ல மார்க்குன்னு முன்னாடியே பிரிச்சு வைக்கிற பெல் கர்வ்ல இடம் இல்லன்னு மேல இருந்து மூணாக்கி திருப்பி அனுப்பிட்டாங்க. எக்ஸ்ட்ரா எஃபர்ட்டுக்கு எவிடென்ஸ் காட்டுன்னாங்க. 71ஐ அழிச்சதே நான்தானே, எதைக் காட்ட? ஜூன்ல ராஜினாமா பேப்பர் போட்டுச்சு, மூணு மாச நோட்டீஸ் முழுசா இருந்துட்டுத்தான் போச்சு. எக்ஸிட் இண்டர்வியூவுல காரணம்னு "ஹையர் ஸ்டடீஸ்" டிக் பண்ணியிருக்கு. எந்தப் படிப்புக்கும் போகல, பெருங்குடியில வேற கம்பெனியில இருக்கு.

நீங்க அனுப்பற அனானிமஸ் சர்வேயில இதெல்லாம் எழுதியிருக்கலாமேன்னு கேப்பீங்க. பேர் கேக்கல, வாஸ்தவம். பதவி கிரேடு, ப்ராஜெக்ட், லொகேஷன், ஆணா பெண்ணா, எத்தனை வருஷ சர்வீஸ் எல்லாம் கேக்கறீங்க. ஏழு பேர் டீம்ல 11 வருஷ சர்வீஸ் நான் ஒருத்தன்தான் சார்.

பீன் பேக், டேபிள் டென்னிஸ், சாயங்காலம் ஏழு மணிக்கு ஒர்க் லைஃப் பேலன்ஸ் வெபினார், எதுவும் வேண்டாம். உங்ககிட்டயே ரெண்டு சிஸ்டம் இருக்கு. நம்ம ப்ராஜெக்டோட ஸ்வைப் டேட்டாவை ஒரு எக்ஸெல்ல இறக்குங்க, பக்கத்துலயே அதே ஆளோட டைம்ஷீட்டை இறக்குங்க, ஒரு குவார்ட்டருக்குப் போதும், ஸ்வைப் மணி நேரத்துலேர்ந்து டைம்ஷீட் மணி நேரத்தைக் கழிங்க. சாப்பாடு டீ நேரத்துக்கு ஒரு மணி நேரம் தாராளமா கழிச்சுக்கோங்க. மிச்சம் வர்றதை அடுத்த எஸ்டிமேட் போடறவங்க கையில குடுங்க. ரிவியூவுல பிஎம்மைக் கூப்பிட்டா ஏன் மணி நேரம் ஏறுச்சுன்னு கேக்கறதுக்கு முன்னாடி எஸ்டிமேட்டை யார் குறைச்சாங்கன்னு கேளுங்க.

இந்த வாரம் என் டைம்ஷீட்டுல 61 மணி நேரம் போட்டிருக்கேன். டீம்ல ஆறு பேரையும் உண்மையான கணக்கைப் போடுங்கப்பான்னேன், மூணு பேர் பயந்துட்டு எட்டரையே போட்டாங்க, அவங்கள ஒண்ணும் சொல்லல. மீதி மூணு பேர் போட்டதை அப்படியே அப்ரூவ் பண்ணிட்டேன். பிஎம் லீவு, அதனால நாலு ஷீட்டும் எஸ்கலேட் ஆகி நேரா உங்க க்யூவுல இருக்கு சார். திங்கட்கிழமை மதியம் 12 மணிக்கு க்ளோஸ் ஆகும், அதுக்குள்ள அப்ரூவ் பண்ணுங்க, இல்ல ரிஜெக்ட் பண்ணுங்க. ரிஜெக்ட் பண்ணா கமெண்ட்டுல காரணத்தை எழுதிடுங்க.

இப்படிக்கு,
இன்னும் நோட்டீஸ் குடுக்காத உங்க டெக் லீட்